அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

முதுகலை மாணவிகளுக்கு நவீனத்துவம் நடத்தும்போது ஓவியங்களைத் திரையில் காட்டுவது என் வழக்கம். புதுக்கவிதை ஏன் உடைந்த வரிகளில் பேசத் தொடங்கியது என்று ஒரு மணி நேரம் விளக்குவதைவிட, ஒரு முகம் கண்முன்னே துண்டுதுண்டாகி நிற்பதைக் காட்டிவிட்டால் பாதிப் பாடம் முடிந்துவிடும். ஒருமுறை அப்படித்தான் பிக்காசோவின் ஓர் ஓவியத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். 1910இல் வரையப்பட்டு இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் படம். அருங்காட்சியகம் அதற்குத் தந்திருக்கும் பெயர்: 'மாண்டலினுடன் பெண் (ஃபனி தெல்லியே)'.

நான் கோணங்களைப் பற்றியும் தளங்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "மேம், அந்தப் பேரு எதுக்கு பிராக்கெட்டுக்குள்ள இருக்கு?"

பல ஆண்டுகளாக அந்தப் படத்தைக் காட்டிவருகிறேன். அந்த அடைப்புக்குறி ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை. அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இந்தக் கட்டுரை அவளுக்கு நான் தர வேண்டியிருக்கும் பதில்.

*

முதலில் படத்தைப் பார்த்துவிடுவோம். ஒரு மீட்டர் உயரம், முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். பழுப்பும் சாம்பலும் காவியும் தவிர வேறு நிறம் இல்லை. ஒரு பெண் தலையைச் சாய்த்து மாண்டலினைப் பிடித்திருக்கிறாள். தலை ஒரு பெட்டியைப் போலக் கட்டப்பட்டிருக்கிறது. தோளும் கையும் சின்னச் சின்னத் தளங்களாக உடைந்து பின்னணியோடு கலக்கின்றன. ஆனால் மார்பின் வளைவும் மாண்டலினின் வளைவும் உடையவில்லை. கோணங்களுக்கு நடுவே அந்த வளைவுகள் மட்டும் தங்கிவிட்டிருக்கின்றன. பார்க்கிறவர் கண் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கும்.

ஒரே இடத்தில் அசையாமல் நின்று பார்ப்பதுபோல் வரைவதுதான் ஐரோப்பிய ஓவியத்தில் மறுமலர்ச்சிக் காலம் முதல் வந்த மரபு. பிக்காசோவும் பிராக்கும் 1907 முதல் சில ஆண்டுகளில் அந்த மரபைக் கழற்றிப் போட்டார்கள். ஒரு பொருளை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் பார்த்ததை ஒரே துணியில் அடுக்கினார்கள். 1908இல் கான்வைலரின் பாரிஸ் கலைக்கூடத்தில் பிராக்கின் படங்களைப் பார்த்த விமர்சகர் லூயி வோசெல், எல்லாவற்றையும் கனசதுரங்களாக்கிவிட்டார் என்று எழுதினார். கேலியாகச் சொன்னது கியூபிசம் என்று இயக்கத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

இசைக்கருவியோடு இருக்கும் பெண் என்பது பழைய கருப்பொருள். 19ஆம் நூற்றாண்டில் கொரோ அப்படிப்பட்ட பெண்களை நிறைய வரைந்தார். அவருடைய உருவ ஓவியங்கள் 1909இல் பாரிஸின் இலையுதிர்காலக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டே பிக்காசோவும் பிராக்கும் ஆளுக்கொரு மாண்டலின் பெண்ணை வரைந்தார்கள். உருவத்தை உடைத்தவர்கள் கருப்பொருளை உடைக்கவில்லை. பெண் அமர்ந்திருப்பாள், ஆண் பார்ப்பான் என்ற ஏற்பாடு அப்படியே இருந்தது.

*

ஃபனி தெல்லியே தொழில்முறை மாடல். கூலிக்கு உடலை அசைக்காமல் வைத்திருப்பது அவர் வேலை. பிக்காசோ அப்போது கிளிஷி பூல்வாரில் 11ஆம் எண் வீட்டில் இருந்தார். அங்கிருந்து சில நிமிட நடையில் பிகால் சதுக்கம். அந்தச் சதுக்கத்தின் நீரூற்றைச் சுற்றி மாடல்கள் வேலைக்காகக் காத்து நிற்பதும், ஓவியர்கள் வந்து பார்த்து அழைத்துப்போவதும் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே வழக்கமாக இருந்தது. 'மாடல் சந்தை' என்றே அதைச் சொன்னார்கள். அதிகாலையில் கூட்ரோட்டில் சித்தாள் வேலைக்குக் காத்து நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிற நமக்கு அந்தச் சந்தையைக் கற்பனை செய்வது கடினம் இல்லை.

பிக்காசோ தொழில்முறை மாடல்களை அதிகம் பயன்படுத்தியவர் அல்லர். கூட வாழ்ந்த பெண்ணும் நண்பர்களும் அவருக்குப் போதும். அதனால் இந்தப் படம் விதிவிலக்கு. தெல்லியே பலமுறை வந்து அமர்ந்தார். ஒருநாள் தனக்கு உடம்பு சரியில்லை, நாளைக்கு வர முடியாது என்றார். இனி அவர் வரவே மாட்டார் என்று பிக்காசோவுக்குப் புரிந்துவிட்டது. படத்தை அப்படியே நிறுத்திவிட்டார். முடிக்காமல் விட்டதும் நல்லதுக்குத்தான் என்ற பொருளில் பின்னாளில் சொல்லவும் செய்தார்.

இந்தக் கதையை நமக்குத் தந்தவர் ரோலண்ட் பென்ரோஸ். பிக்காசோவின் நண்பர், அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியவர், இந்தப் படத்தைச் சில காலம் சொந்தமாக வைத்திருந்தவர். பிக்காசோ சொல்ல, பென்ரோஸ் எழுத, அதற்குப் பின் வந்தவர்கள் எடுத்து எழுதினார்கள். மாடல் பொறுமை இழந்தார் என்பது கலை வரலாற்று நூல்களில் ஒரு வேடிக்கைத் துணுக்காக வரும். வரைந்தவரின் வாயிலிருந்து வந்த கதை அது. உட்கார்ந்திருந்தவரின் வாயிலிருந்து ஒரு சொல்கூட அதில் இல்லை. 'உடம்பு சரியில்லை' என்பதைக்கூட அவர் சொன்னதாக இவர் சொன்னதுதான்.

ஆனால் அந்தத் துணுக்குக்குள் ஒரு வேலை நிறுத்தம் இருக்கிறது. வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் வேலையை விடும்போது சண்டை போட்டுவிட்டா போகிறார்கள்? "உடம்பு முடியலக்கா, நாளைக்கு வரல" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்குப் பிறகு வரமாட்டார்கள். காரணம் சொல்லும் உரிமை இல்லாதவர்கள் சொல்லக்கூடிய ஒரே காரணம் உடம்பு. அந்த வாக்கியத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நம்மில் சிலர் சொல்லியும் இருக்கிறோம்.

இப்போது படத்தை மறுபடி பாருங்கள். முழுக்க உடையாத அந்த வளைவுகள், உடலும் கட்டமைப்பும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும் அந்தச் சமநிலை. இவற்றுக்காகத்தான் விமர்சகர்கள் இந்தப் படத்தைத் தொடக்ககாலக் கியூபிசத்தின் மிக அழகான படங்களில் ஒன்றாகப் போற்றுகிறார்கள். அதே ஆண்டுக் கோடையில் ஸ்பெயினின் கடாக்கேஸ் ஊரில் பிக்காசோ வரைந்தவற்றில் மனித உருவம் ஏறக்குறைய அடையாளம் தெரியாமல் கரைந்துபோகிறது. 'மாண்டலினுடன் பெண்' அந்தக் கரைதலுக்குச் சற்று முன்னால் நின்றுவிட்ட படம். அது எங்கே நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்ததில் அன்று எழுந்து போன பெண்ணுக்கும் பங்கு உண்டு. நாம் இன்று பார்க்கும் படம் வரைந்தவரின் கையும் வராமற்போனவரின் காலும் சேர்ந்து முடித்தது.

*

இனி அடைப்புக்குறிக்கு வருவோம். 1910இல் பிக்காசோ கியூபிச முறையில் மூன்று ஆண்களையும் வரைந்தார். மூவரும் ஓவிய வணிகத்தில் இருந்தவர்கள்: வில்ஹெல்ம் ஊடே, அம்புருவாஸ் வொலார், டேனியல் ஹென்றி கான்வைலர். வொலாரின் படம் இப்போது மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கான்வைலரின் படம் சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கிறது. அவற்றின் பெயர்கள்: 'அம்புருவாஸ் வொலாரின் உருவப்படம்', 'டேனியல் ஹென்றி கான்வைலரின் உருவப்படம்'. யாரும் 'கைகோத்து அமர்ந்த ஆண் (கான்வைலர்)' என்று எழுதவில்லை.

கான்வைலரின் படத்தில் உருவம் தெல்லியேவின் உருவத்தைவிட அதிகமாக உடைந்திருக்கிறது. ஒரு முடிச் சுருள், கோத்த கைகள், கோட்டின் மேல் தொங்கும் கடிகாரச் சங்கிலி என்று சில தடயங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. அந்தப் படத்துக்காக அவர் முப்பது முறை அமர்ந்தார் என்று சொல்கிறார்கள். அவர் பொறுமை கலைக்குச் செய்த தொண்டாகப் பதிவாகியிருக்கிறது. தெல்லியேவின் பொறுமையின்மைதான் துணுக்கானது. வணிகருக்கு அந்தப் படம் முதலீடு. அமர்ந்த ஒவ்வொரு மணியும் ஒருநாள் அவருக்குத் திரும்பி வரும். கூலிக்கு வந்தவருக்கு மரத்துப்போன காலும் அன்றைய கூலியும்தான்.

அப்படியானால் இது ஆண், பெண் வேறுபாடு மட்டுமா? இல்லை. பிக்காசோ 1905 முதல் 1906 வரை வரைந்த இன்னொரு பெண்ணின் படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பெயர் 'கெர்ட்ரூட் ஸ்டைனின் உருவப்படம்'. இங்கே அடைப்புக்குறி இல்லை. ஸ்டைன் அமெரிக்க எழுத்தாளர், பிக்காசோவின் படங்களை விலை கொடுத்து வாங்கியவர். எண்பது, தொண்ணூறு முறை அமர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். ஓவியர் ஒருநாள் முகத்தை அழித்துவிட்டு ஸ்பெயினுக்குப் போய், திரும்பி வந்து ஸ்டைன் எதிரில் இல்லாமலே முகத்தை வரைந்து முடித்தார். படம் ஸ்டைனின் வீட்டுச் சுவரில் தொங்கியது. 1946இல் அவர் இறந்தபோது உயிலின் மூலம் அருங்காட்சியகத்துக்குப் போனது. உட்கார்ந்தவரே அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர். அதைப் பற்றிய கதையும் அவர் எழுதியதே. வாங்கும் கையில் இருந்தால் பெண்ணுக்கும் முழுப் பெயர் கிடைத்தது.

அந்த அமர்வுகளில் இன்னொரு பெண்ணும் அதே அறையில் இருந்தார். ஸ்டைன் அலுத்துப்போகாமல் இருக்க லா ஃபோன்தேனின் நீதிக் கதைகளை உரக்க வாசித்துக் காட்டினார். அவர் பெயர் ஃபெர்னாந்த் ஒலிவியே.

*

அந்தப் பெயரையும் அவரே வைத்துக்கொண்டார். பிறந்தது 1881இல், அமேலி லாங் என்ற பெயரில். பதினெட்டு வயதில் ஒரு திருமணத்துக்குள் தள்ளப்பட்டார். கணவன் அடித்தான். 1900இல் அந்த வீட்டைவிட்டு ஓடிவந்து பாரிஸில் மாடல் வேலை செய்து பிழைத்தார். கணவன் தேடி வராமலிருக்கப் புதிய பெயர் உதவியது. 1904இல் மொன்மார்த்ரில் ஓவியர்கள் குடியிருந்த பழைய மரக் கட்டடம் ஒன்றில் பிக்காசோவைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு சேர்ந்து வாழத் தொடங்கினார்கள். அதன்பின் பிற ஓவியர்களுக்கு அமர்வதை அவர் விட வேண்டியதாயிற்று. பொறாமையால் பிக்காசோ தன்னை வெளியே விடாமல் வைத்திருந்ததை அவர் பின்னாளில் எழுதினார். சொந்தக் காலில் நிற்க வைத்த தொழில் போனது. அதே உடல் ஒரே ஒருவரின் தூரிகைக்குச் சம்பளமில்லாமல் கிடைத்தது.

1909 கோடையில் இருவரும் ஸ்பெயினின் ஓர்த்தா என்ற மலைக்கிராமத்துக்குப் போனார்கள். அங்கே ஃபெர்னாந்துக்குச் சிறுநீரக நோய் கடுமையாக இருந்தது. பக்கத்தில் நல்ல மருத்துவ வசதி இல்லை. அந்தக் கோடையில்தான் பிக்காசோ அவர் முகத்தையும் கழுத்தையும் மலைப்பாறைகளைப்போலப் பிளந்து பிளந்து வரைந்தார். அந்த ஆண்டில் ஃபெர்னாந்தை வைத்து அவர் செய்த படைப்புகள் அறுபதுக்கும் மேல். கியூபிசம் தன் மொழியைக் கற்றுக்கொண்டது அந்த முகத்தின் மீதுதான். பாரிஸ் திரும்பியதும் அந்த முகத்தைச் சிற்பமாகவும் செய்தார். அதன் பெயர் 'பெண்ணின் தலை (ஃபெர்னாந்த்)'. தெல்லியேவுக்குக் கிடைத்த குடும்பப் பெயர்கூட இவருக்கு அடைப்புக்குறிக்குள் இல்லை. வீட்டில் கூப்பிடும் பெயரே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

1912இல் இருவரும் பிரிந்தார்கள். பிக்காசோ உலகின் பெரும் செல்வந்தக் கலைஞர்களில் ஒருவரானார். ஃபெர்னாந்த் கிடைத்த வேலைகளைச் செய்து வாழ்ந்தார். 1930இல் தன் நினைவுகளை ஒரு நாளிதழில் தொடராக வெளியிட்டபோது பிக்காசோ அதை நிறுத்தப் பார்த்தார். ஆனாலும் 1933இல் புத்தகம் வந்தது. அவரது அந்தரங்கமான இன்னொரு நினைவு நூல், பிக்காசோ உயிரோடு இருந்தவரை வெளிவரவில்லை. ஐம்பதுகளில் முதுமையும் வறுமையும் சேர்ந்த ஃபெர்னாந்துக்கு அவர் பணம் கொடுத்தார். அந்தப் பக்கங்கள் வெளியே வராமலிருந்தன. ஃபெர்னாந்த் 1966இல் இறந்தார். அந்த நூல் 1988இல்தான் வாசகர் கைக்கு வந்தது. அறுபது முறைக்குமேல் அவர் முகத்தைத் திறந்து காட்டியவருக்கு, அவர் வாயைத் திறப்பதுதான் பொறுக்கவில்லை.

*

தமிழ் படித்த எனக்குப் பெயரின்மை புதிதல்ல. அகப்பாடலில் தலைவனுக்கும் பெயர் இல்லை, தலைவிக்கும் இல்லை. பெயர் சுட்டினால் அது அகம் ஆகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. அதை நான் வகுப்பில் பெருமையாகவே சொல்வேன். பெயரை எடுத்துவிட்டால் அந்த ஏக்கம் எவருடைய ஏக்கமும் ஆகலாம். அந்த மாணவியின் கேள்விக்குப் பிறகு அதையே இன்னொரு விதமாக யோசிக்கிறேன். அகத்தில் பெயர் இல்லாமை இருவருக்கும் பொது. பாடியவர் பெயரையும் மரபு காப்பாற்றி வைத்தது; வெள்ளிவீதியாரும் ஔவையாரும் அதனால் நமக்குக் கிடைத்தார்கள். 1910இன் பாரிஸில் பெயரின்மை பொதுநெறியாக இருக்கவில்லை. வணிகருக்குப் பெயர் உண்டு, செல்வம் உள்ள பெண்ணுக்கும் உண்டு. கூலிக்கும் காதலுக்கும் அமர்ந்தவர்கள்தாம் 'பெண்' என்ற பொதுச்சொல்லுக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

வேறு விதமாகவும் செய்திருக்க முடியும் என்பதற்கு அதே கூட்டத்திலிருந்து ஒரு சான்று இருக்கிறது. மரி லோரான்சான் என்ற ஓவியர் 1908இல் 'கலைஞர்கள் குழு' என்று ஒரு படம் வரைந்தார். அதில் நால்வர்: கவிஞர் அப்போலினேர், பிக்காசோ, ஃபெர்னாந்த், லோரான்சான். ஸ்டைன் அதை வாங்கினார். இன்று பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தின் பெயரை மறுபடி வாசியுங்கள். 'கலைஞர்களும் அவர்கள் பெண்களும்' என்று லோரான்சான் எழுதவில்லை. யாரும் யாருக்கும் அமர்ந்திருக்காத ஒரு கூட்டத்தில் ஃபெர்னாந்த் ஆடை உடுத்தி, முகம் உடையாமல், மற்ற மூவருக்கும் சமமாக இருக்கிறார். கியூபிசத்தின் வரலாற்றில் லோரான்சானுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் 'அப்போலினேரின் காதலி' என்பது. அதுவும் ஒருவகை அடைப்புக்குறிதான்.

*

'மாண்டலினுடன் பெண்' படத்தின் விவரக்குறிப்பில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. முதலில் பிக்காசோ, வரைந்தவர். கடைசியில் நெல்சன் ராக்ஃபெல்லர், கொடுத்தவர். அமெரிக்கத் துணை அதிபராக இருந்தவர், 1979இல் அவர் உயிலின் வழியாகப் படம் அருங்காட்சியகத்துக்கு வந்தது. நடுவே, அடைப்புக்குறிக்குள், ஃபனி தெல்லியே. இத்தனைக்கும் அந்த அருங்காட்சியகத்தை 1929இல் நிறுவியவர்கள் மூன்று பெண்கள்: லில்லி பிளிஸ், மேரி சல்லிவன், நெல்சனின் தாயார் ஆபி ராக்ஃபெல்லர். பெண்கள் கட்டிய வீட்டிலும் வேலைக்காரப் பெண்ணின் பெயர் கொல்லைப்புறத்தில்தான் எழுதப்படுகிறது என்பதை நாம் இங்கிருந்தே அறிவோம்.

1989இல் 'கெரில்லா கேர்ல்ஸ்' என்ற பெண் கலைஞர் குழு கொரில்லா முகமூடி போட்டுக்கொண்டு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தலை எண்ணியது. நவீனக் கலைப் பிரிவில் கலைஞர்களில் பெண்கள் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. நிர்வாண உருவங்களில் பெண்கள் 85 விழுக்காடு. அருங்காட்சியகத்துக்குள் நுழையப் பெண் நிர்வாணமாகத்தான் வர வேண்டுமா என்று சுவரொட்டி அடித்துக் கேட்டார்கள். முக்கியமான கணக்கு. அதோடு இன்னொரு கணக்கும் நாம் எடுக்க வேண்டும். அந்த 85 விழுக்காட்டில் எத்தனை பேருக்குப் பெயர் இருக்கிறது? எத்தனை பெயர்கள் அடைப்புக்குறியைத் தாண்டி வெளியே நிற்கின்றன?

அடைப்புக்குறியை ஒரு கேவலமாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை என்றும் இப்போது தோன்றுகிறது. எண்ணற்ற மாடல்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை. தெல்லியேவின் பெயர் ஏன் தப்பிப் பிழைத்தது? பிக்காசோவின் நினைவில் அது ஏன் தங்கியது? ஒழுங்காக வந்து, சொன்னபடி அமர்ந்து, கூலி வாங்கிப் போயிருந்தால் இன்னொரு மாண்டலின் பெண்ணாக மறைந்திருப்பார். எழுந்து போனதால் கதையானார். கதையானதால் பெயர் மிஞ்சியது.

அந்த மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள். இப்போதும் அந்தப் படத்தை வகுப்பில் காட்டுகிறேன். ஆனால் கோணங்களையும் தளங்களையும் இரண்டாவதாகத்தான் சொல்கிறேன். முதலில் அவர் பெயரைக் கரும்பலகையில், அடைப்புக்குறி இல்லாமல், எழுதுகிறேன். பிறகு மாணவிகளைப் படத்தை நன்றாகப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்: "இவங்க எந்த நிமிஷத்துல 'போதும், நாளைக்கு வரமாட்டேன்'னு முடிவு பண்ணியிருப்பாங்க?" வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருக்கும். பிறகு ஒவ்வொருத்தியாகப் பேச ஆரம்பிப்பார்கள். யாரும் பிக்காசோவைப் பற்றிப் பேசுவதில்லை.